வலை ஈயம் மெதுவா, கடினமா: எந்தக் கருவியால் பார்ப்பது?

திருகோணமலைக் கரையில் ஈயம் உருக்கி ஊற்றுகிறவர்களுக்கு ஒரே வகை ஈயம் கிடைப்பது அரிது. பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் ஒரு சாக்கில் கூரைத் தகடு, கேபிள் உறை, டயர் கடையில் கழற்றிய பலன்ஸ் கட்டி, சோல்டர் துண்டு, கிழிந்த வலையிலிருந்து உருவிய குண்டு எல்லாம் கலந்து கிடக்கும். பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கூரைத் தகட்டை உருக்கி ஊற்றிய ஈயத்தை அடிக்கயிற்றில் வைத்துத் தட்டினால் கயிற்றைச் சுற்றி மடங்கிக் கவ்விக்கொள்ளும். பலன்ஸ் கட்டியை உருக்கி ஊற்றியதை அப்படித் தட்டினால் மடிப்பில் வெடிக்கும். வெடித்த விளிம்பு நைலோன் கயிற்றைத் தேய்த்து அறுக்கும், குண்டும் கடலில் போய்விடும். ஆகவே ஊற்றுவதற்கு முன்பே எது மெது, எது கடினம் என்று பிரித்தாக வேண்டும்.

இதற்கான கருவிகள் பல உண்டு. கடையில் விற்கும் நல்ல கருவிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் வீட்டில் துப்பாக்கி ரவைக்கு ஈயம் வார்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அளக்கிற உலோகம் ஒன்றுதான் என்பதால் அவற்றின் முறை எங்களுக்கும் பொருந்தும். கருவி பொருந்துமா என்பது வேறு கேள்வி.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஈயத்தின் கடினத்தைச் சொல்லப் பயன்படுவது பிரினெல் எண். உருக்குக் குண்டு ஒன்றைத் தெரிந்த பாரத்தால் ஈயத்தில் அழுத்தி, விழுந்த குழியின் பரப்பால் அந்தப் பாரத்தைப் பிரித்தால் வருவது அது. சுத்தமான ஈயம் ஏறத்தாழ 5. கிளிப் போட்டு மாட்டும் பழைய பலன்ஸ் கட்டி 9 முதல் 12. ஒட்டும் வகைப் பலன்ஸ் கட்டி ஈயமாக இருந்தால் அநேகமாக மெது, 5 அல்லது 6. அச்சகங்களில் முன்பு பயன்பட்ட லைனோடைப் எழுத்து ஈயத்தில், ஈயத்தை இறுக்கும் உலோகமான அந்திமனி 12 வீதமும் வெள்ளீயம் 4 வீதமும் இருக்கும். அதன் எண் 22க்கு அருகில்.

கயிற்றில் மடித்துக் கவ்வும் வலை ஈயத்துக்கும் தூண்டில் நூலில் கடித்து இறுக்கும் சிறு குண்டுக்கும் 5, 6க்கு மேல் போகக் கூடாது. கயிறு கோர்க்கும் துளைக் குண்டு எதுவாக இருந்தாலும் பெரிய பிழை இல்லை. கல்லும் பாரும் உள்ள இடத்தில் இழுபடும் வலைக்கு 8க்கு மேல் இருந்தால் தேய்வு குறையும். கம்பி வளையம் வைத்து ஊற்றும் அடித்தூண்டில் குண்டுக்கும் ஜிக் தலைக்கும் (தூண்டில் முள்ளின் மேல் ஊற்றும் ஈயத் தலை) 8 முதல் 12 நல்லது. கல்லில் மோதினாலும் உருக்குலையாது, வளையமும் ஆடாது. 15க்கு மேற்பட்ட ஈயத்தை இந்த வேலைகளில் எதற்கும் அப்படியே ஊற்றுவது வீண். அதை மெது ஈயத்தோடு கலப்பதற்கு வைத்துக்கொள்வதே சரி.

ஆக நாங்கள் கேட்பது 5ஆ, 10ஆ, 15ஆ என்பதுதான். 11க்கும் 11.5க்கும் உள்ள வித்தியாசம் எந்த வலைக்கும் தெரியாது. கருவியைத் தெரிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது. எண்ணை நுணுக்கமாகக் காட்டும் கருவியைவிட, தெரிந்த ஒரு மெது ஈயத்தோடு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒப்பிட விடும் கருவியே எங்கள் வேலைக்கு உதவும்.

கைநகத்தால் கீறிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். நகம் பதிந்தால் மெது, வழுக்கினால் கடினம். இரும்புக் கடை வாசலில் சாக்கைக் கொட்டி முதல் தடவை பிரிக்க இது போதும். 8க்கும் 12க்கும் இடையில் நகம் ஒன்றும் சொல்லாது. இன்னொன்று, வெளியில் கிடந்த ஈயத்தின் மேல் படிந்திருக்கும் ஒட்சைட்டுத் தோல் நகத்தை ஏமாற்றும். கத்தியால் சீவி, பளபளப்புத் தெரிந்த இடத்தில்தான் கீற வேண்டும்.

அடுத்தது பென்சில். படம் வரையும் பென்சில் தொகுதி ஒன்று, 6பி முதல் 2எச் வரை, ஒரே கம்பனியின் தயாரிப்பாக இருக்க வேண்டும். கம்பனிக்குக் கம்பனி கரியின் கடினம் மாறும். மரத்தை மட்டும் சீவிக் கரியை 5 மில்லிமீற்றர் அளவுக்கு வெளியே விட்டு, அதன் முனையை அரத்தாளில் நேராகத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். கூர் முனை கூடாது. பென்சிலை 45 பாகையில் பிடித்து முன்னோக்கித் தள்ளினால், கரி ஈயத்தைவிடக் கடினமென்றால் தட்டையான விளிம்பு ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும், மெதுவென்றால் மேலே கோடு மட்டும் விழும். மெதுவான பென்சிலிலிருந்து தொடங்கி, முதன்முதல் சீவும் பென்சிலைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தையதே அந்த ஈயத்தின் இடம். ரவை வார்ப்பவர்கள் பயன்படுத்தும் கணக்கில் 6பி சுத்த ஈயம், 4பி சுமார் 9, 2பி சுமார் 11 அல்லது 12, எச்பி சுமார் 14 அல்லது 15. இவற்றை எண்ணாக நம்ப வேண்டாம். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆள், ஒரே பென்சில்கள், பக்கத்தில் ஒரு சுத்த ஈயத் துண்டு என்றால் பிரித்தெடுக்கும் வேலைக்கு இது நன்றாகவே ஓடும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ ஈயம் வாங்கப் போகிறவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான வழி இல்லை.

இனி விலைக்கு வாங்கும் கருவிகள். லீ கம்பனியின் கருவியில் 5/32 அங்குலக் குண்டு ஒன்றும் 60 இறாத்தல் வில் ஒன்றும் இருக்கும். 30 செக்கன் அழுத்தி, விழுந்த குழியை 20 மடங்கு பெருக்கும் சிறிய நுணுக்குக்காட்டியால் அளந்து, அட்டவணையில் எண்ணைப் பார்ப்பார்கள். குழியின் விட்டம் 0.060 அங்குலம் என்றால் எண் 14.3. முறை சரியானது, எண்ணும் நம்பத் தக்கது. ஆனால் அந்தக் குண்டுப் பகுதி, ரவை நிரப்பும் கையழுத்தி ஒன்றின் மரைக்குள் பூட்டும்படி செய்யப்பட்டது. அந்த அழுத்தி வலைக்கொட்டிலில் எவரிடமும் இல்லை. அதற்காக ஒன்றை வரவழைப்பதற்கும் நியாயம் இல்லை. துளையிடும் இயந்திரத்தில் பிடித்து அழுத்தலாம் என்றாலும், பாதிக் கருவிக்கு முழு விலை கொடுத்த கணக்கே வரும். நுணுக்குக்காட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு குழியின் இரு விளிம்பையும் பார்ப்பதும் சிரமம். கை ஆடும், அதற்கொரு தாங்கி செய்தே தீர வேண்டும்.

சேக்கோ கருவி நுணுக்குக்காட்டி இல்லாமலே எண் காட்டும். குமிழைத் திருகி, கோடுகள் நேர்கோட்டில் வரும் இடத்தை வாசிப்பார்கள். அது காட்டுவது பிரினெல் எண் அல்ல, சுத்த ஈயத்தில் 0 என்றும் லைனோடைப்பில் 10 என்றும் வைத்துக்கொண்ட தனி அளவு. அதன் வாய் ரவை உருவத்துக்கு அமைந்தது. எங்கள் குண்டுகள் அதற்குள் நிற்காது. ஒவ்வொரு சட்டி ஈயத்துக்கும் தனியாக ஒரு சிறு உருளை ஊற்றித்தான் பார்க்க வேண்டும். கடினத்தை முள் வட்டில் காட்டும் கருவிகள் சிலவற்றுக்கும் இதே குறை உண்டு.

படகு கட்டும் இடங்களில் பைபர் உடலைப் பரிசோதிக்க வைத்திருக்கும் பார்கோல் கருவியைச் சிலர் கேட்பார்கள். அது வேண்டாம். அந்த வகையின் வழமையான மாதிரி அலுமினியத்துக்கும் கெட்டியான பைபருக்கும் ஆனது. அதன் அளவு பிரினெல் 25 அளவில்தான் தொடங்குகிறது. எங்கள் ஈயம் முழுவதும் அதற்குக் கீழே.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பொருந்துவது, லேத் பட்டறையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் பொருட்களால் செய்யக்கூடிய வைஸ் முறை. தேவையானவை மூன்றுதான்: ஒரு மேசை வைஸ், சைக்கிளின் பின்சில்லு அச்சில் ஓடும் 1/4 அங்குலப் போல் ஒன்று (உருக்குக் குண்டு, 6.35 மில்லிமீற்றர்), சுத்த ஈயத் துண்டு ஒன்று. சோதிக்க வேண்டிய ஈயத்தையும் சுத்த ஈயத்தையும் தட்டையான முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவில் போலை ஒரு துளி கிறீசால் ஒட்டி, வைஸை மெதுவாக இறுக்கினால் இரண்டிலும் குழி விழும். பாரம் எவ்வளவு என்று தெரியவே தேவையில்லை. எவ்வளவாக இருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாரம்தான். வைஸ் தளர்ந்தாலும் இரண்டுக்கும் ஒன்றாகத் தளரும். வில்லுப் பழுதாகிறது, பாரம் குறைகிறது என்ற கவலைகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தால் இல்லாமல் போகின்றன.

கணக்கும் எளிது. சுத்த ஈயத்தில் விழுந்த குழியின் விட்டத்தை மற்றதன் விட்டத்தால் பிரித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு 5ஆல் பெருக்க வேண்டும். சுத்த ஈயத்தில் 3.2 மில்லிமீற்றர், சோதனைத் துண்டில் 2.2 என்றால், 3.2ஐ 2.2ஆல் பிரித்தால் 1.45, அதன் வர்க்கம் 2.1, எண் 10.6. குழியின் வளைவையும் சேர்த்து முறைப்படி கணித்தால் 11 வரும். அரை எண்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் குழி பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசமும் கூடும். சுத்த ஈயத்தில் விழும் குழி போலின் விட்டத்தில் பாதியை, அதாவது 3.2 மில்லிமீற்றரைத் தாண்டும் முன்பே இறுக்குவதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பின் 30 செக்கன் அப்படியே விடுங்கள். ஈயம் பாரத்தின் கீழ் மெல்ல நகரும் உலோகம். உடனே கழற்றினால் ஒன்று நகர்ந்தும் மற்றது நகராமலும் இருக்கும்.

பிழை வருவது பெரும்பாலும் அளக்கும்போதுதான். 2.2 மில்லிமீற்றர் குழியில் 0.1 தவறினால் எண்ணில் 9 வீதம் தவறும். குழியைச் சுற்றி ஈயம் சற்று மேலெழுந்து ஒரு வரம்பு கட்டும்; வெளி விளிம்பை அளந்தால் எண் குறைந்து வரும். அழுத்தும் முன் ஈய முகத்தில் கறுப்பு மார்க்கரை மெல்லிதாகப் பூசிவிட்டால், போல் தொட்ட இடம் வட்டமாகப் பளிச்சென்று தெரியும். அந்தப் பளபளப்பின் விட்டமே வேண்டியது. வேர்னியர் கலிப்பரின் நுனியை வைத்துக் கண்ணால் அளப்பதைவிட, பக்கத்தில் அரை மில்லிமீற்றர்க் கோடுள்ள உருக்கு அடிமட்டத்தை வைத்துக் கைத்தொலைபேசியால் நேர் மேலிருந்து படமெடுத்துப் பெருப்பித்து எண்ணுவது திருத்தமாக வரும். அடிமட்டத்தின் முகமும் ஈயத்தின் முகமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். குழி நீள்வட்டமாக இருந்தால் வைஸின் தாடைகள் சமாந்தரமாக இல்லை என்று பொருள். அந்த அளவை எறிந்துவிட்டு வேறிடத்தில் மறுபடி அழுத்த வேண்டும்.

பழைய குழியிலிருந்தும் துண்டின் ஓரத்திலிருந்தும் குழி விட்டத்தின் மூன்று மடங்காவது தள்ளி அழுத்துங்கள். துண்டின் தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அடியிலுள்ள இரும்பு தாங்கிக்கொண்டு எண்ணைக் கூட்டிக் காட்டும். போல் புதிதாக இருக்க வேண்டும். கடற்காற்றில் ஒரு வாரம் வெளியில் கிடந்த போல் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிடும், எண்ணெய்ச் சிமிழுக்குள் போட்டு வையுங்கள்.

இந்த முறையின் உயிர் அந்தச் சுத்த ஈயத் துண்டில் இருக்கிறது. அது உண்மையில் சுத்தம் இல்லையென்றால் மற்ற எல்லா எண்ணும் பிழை. கேபிள் உறையை நம்ப வேண்டாம். அதிர்வில் வெடிக்காமலிருக்க அதில் வெள்ளீயமோ அந்திமனியோ சேர்ப்பதுண்டு. கூரைத் தகடு பரவாயில்லை. தூய்மை வீதம் பொறித்து விற்கும் ஈயக் கட்டி கிடைத்தால் அதுவே மேல். அதை ஒருமுறை சதுரக் கட்டியாக ஊற்றி, முகத்தில் அடையாளம் பொறித்து, உருக்கும் சட்டிக்குப் பக்கத்திலேயே வைக்காமல் பூட்டி வைக்க வேண்டும். வலைக்கு ஈயம் குறைகிற நாளில் முதலில் உருகிப்போவது அந்தக் கட்டியாகத்தான் இருக்கும்.

சல்லியிலோ திருக்கடலூரிலோ தன் வலைக்கு மட்டும் ஊற்றுகிறவருக்கு வைஸ் முறைக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஜிக் தலையும் தூண்டில் குண்டும் ஊற்றி விற்கிறவருக்கு, சட்டிக்குச் சட்டி ஒரே எண் வருகிறதா என்று பார்க்க நெம்புகோல் ஒன்று செய்வது பயன் தரும். ஒரு மீற்றர் நீள இரும்புச் சட்டம் ஒன்றின் ஒரு முனையை ஆணியில் சுழலும்படி பூட்டி, அங்கிருந்து 20 சென்ரிமீற்றரில் கீழ்நோக்கிய போல்ட் ஒன்றின் நுனியில் குழி போட்டு 1/4 அங்குலப் போலைப் பதிக்க வேண்டும். ஆணியிலிருந்து 80 சென்ரிமீற்றரில் தண்ணீர்க் கான் தொங்கும். மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசைச் சட்டத்தின் கடைசி முனையில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். சட்டம் கிடையாக நிற்கும்போது தராசு 10 கிலோ காட்டும்வரை கானில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால், போலின் மேல் 50 கிலோ பாரம் விழும். சட்டத்தின் சொந்த எடையும் இந்த 10க்குள் அடங்கிவிடுவதால் தனிக் கணக்கு வேண்டாம். பிறகு கானில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு வைக்கலாம்.

இந்த 50 கிலோவுக்கும் 6.35 மில்லிமீற்றர் போலுக்கும் குழி விட்டம் இப்படி வரும்:

3.4 மில்லிமீற்றர் – எண் 5
2.75 – எண் 8
2.5 – எண் 10
2.25 – எண் 12
2.0 – எண் 15
1.75 – எண் 20

சட்டத்தைக் கையால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று விட்டால் அந்த அடியே குழியைப் பெருப்பிக்கும். சுத்த ஈயத்தில் 3.4 வராவிட்டால் சட்டம் கிடையாக இல்லை, அல்லது சுழலும் ஆணி இறுகிக் கிடக்கிறது. ஆணியில் கிறீஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

எந்த முறையாக இருந்தாலும் சில விடயங்கள் எண்ணைக் குழப்பும். அந்திமனி கலந்த ஈயம் ஊற்றிய அன்று மெதுவாகவும், ஒன்றிரண்டு வாரத்தில் கடினமாகவும் இருக்கும். அச்சிலிருந்து நேரே தண்ணீரில் போட்டால் இன்னும் கூடும். 10 காட்ட வேண்டிய பலன்ஸ் கட்டி ஈயம் 20க்கும் ஏறலாம். ஆகவே இரண்டு சட்டிகளை ஒப்பிடுவதென்றால் இரண்டையும் காற்றில் ஆறவிட்டு, ஊற்றி ஒரே எண்ணிக்கை நாள் கழித்துப் பார்க்க வேண்டும். மற்ற உலோகங்கள் தட்டத் தட்ட இறுகும். அந்திமனி ஈயம் தட்டத் தட்ட இளகும். அதனால் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிய முகத்தில் சோதிக்கக் கூடாது. அச்சின் தட்டை முகத்திலேயே சோதியுங்கள். வெயிலில் கிடந்து சூடேறிய ஈயமும் மெதுவாகவே காட்டும். இரண்டு துண்டையும் நிழலில் ஒரு மணித்தியாலமாவது சேர்த்து வைத்த பிறகு அழுத்துங்கள்.

கடின எண் சொல்லாத ஒன்றும் உண்டு. வெள்ளீயம் கலந்து 10 ஆன ஈயம் மடங்கும். அந்திமனி கலந்து 10 ஆன ஈயம் வெடிக்கக்கூடும். கவ்வும் குண்டுக்கு எண்ணைப் பார்த்த பின் 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நாடா ஊற்றி, முழுதாக மடித்துத் தட்டி, மடிப்பின் வெளிப்பக்கத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். எந்தக் கருவி வாங்கினாலும் இந்த மடிப்புச் சோதனையைக் கைவிட முடியாது. எடையும் ஒரு சாட்சி: சுத்த ஈயத்தில் 100 கிராம் வரும் அச்சு, பலன்ஸ் கட்டி ஈயத்தில் 97 அளவில் வரும். அந்திமனியும் வெள்ளீயமும் ஈயத்தைவிடப் பாரம் குறைந்தவை. அதைவிட அதிகமாகக் குறைந்தால் உள்ளே காற்றுக்குழி இருக்கிறது.

கருவிக்கு முன்னால் கண்ணால் விலக்க வேண்டியவை இரண்டு. இப்போது வரும் பலன்ஸ் கட்டிகளில் பல ஈயமே இல்லை, நாகமும் (துத்தநாகம்) இரும்பும். நாகம் 419 பாகையில் உருகும், ஈயம் 327 பாகையில். வெப்பமானி வைத்துச் சட்டியை 380க்குள் நிறுத்தினால் நாகக் கட்டி உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். தாண்டி உருகிக் கலந்துவிட்டால் ஈயம் கஞ்சிபோல் தடித்து அச்சு நிரம்பாது. சந்தேகக் கட்டியில் மலசலகூடம் கழுவும் அமிலத்தில் ஒரு துளி விட்டால், நாகமென்றால் நுரைக்கும்.

மற்றது பற்றரித் தகடு. அதை உருக்கவே வேண்டாம். அதிலுள்ள ஆசனிக்கும் அந்திமனியும் கல்சியமும் சேர்ந்து உருவாகும் கசடு ஈரம் பட்டால் உயிர் பறிக்கும் வாயுவை விடும். எண் என்ன காட்டினாலும் அந்த ஈயம் சட்டிக்கு உரியதல்ல. மாரியில் கரைவலை கரையேறி, எல்லோரும் ஈயம் மாற்றும் காலத்தில் சாக்கோடு ஈரமும் சேர்ந்தே வரும். உருகிய ஈயத்துக்குள் ஈரமான துண்டு விழுந்தால் நீராவி வெடித்து ஈயத்தை முகத்தில் தெளிக்கும். சோதித்துப் பிரித்த துண்டுகளை அடுப்பின் ஓரத்தில் முழுதாகக் காயவைத்து, குளிர்ந்த சட்டியில் அடுக்கித்தான் தீ மூட்ட வேண்டும். சோதித்து முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது. சோதனைத் துண்டுகள் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கவும் கூடாது.